வென்டிலேற்றர் போட்டதும் பிறஷர் ஏன் இறங்குகிறது? அது இதயத்துக்கு என்ன செய்கிறது?

கொக்குவிலான் (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் குடும்பத்தில் இரண்டு பேருக்கு மூச்சு மெஷின் போடவேண்டி வந்தது. இரண்டும் இரண்டு விதமாகப் போனதால்தான் இந்தக் கேள்வி. அம்மம்மாவுக்கு இதயம் ஏற்கெனவே பலவீனம். ஒரு இரவு சுவாசப்பையில் நீர் கட்டி, இருக்கவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தார். முகத்தில் இறுக்கமாக ஒரு மாஸ்க் போட்டு மெஷினில் இணைத்தார்கள், விடியும்போது ஆள் எழும்பியிருந்து தேத்தண்ணி கேட்கிறார். சித்தப்பாவுக்கு மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல், சுவாசப்பைக்குள் இரத்தக் கசிவு. அவருக்குத் தொண்டைக்குள் ரியூப் போட்டு வென்டிலேற்றரில் விட்டதும் பிறஷர் மளமளவென்று இறங்கி, பிறஷர் ஏற்றுகிற மருந்து ஓடவிடவேண்டி வந்தது. இருவருமே தப்பிவிட்டார்கள், அதற்கு வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் நன்றி. ஆனால் சொந்தக்காரர் இன்றைக்கும் "மெஷின்தான் இதயத்தை அடிச்சது" என்று கதைக்கிறார்கள். இரண்டும் காற்றைத் தள்ளுகிற மெஷின்தானே, ஒன்று இதயத்துக்கு உதவி, மற்றது உபத்திரவம் என்றால் எப்படி? குற்றம் பிடிக்க வரவில்லை, விளங்கிக்கொள்ளத்தான் கேட்கிறேன்.

மட்டுறுத்துநர்

நல்ல கேள்வி, தொடருங்கள். நோயாளியின் பெயர், வார்ட், வைத்தியசாலை எதுவும் போடவேண்டாம்.

வடலி

ரியூப் போட்டால் ஆள் திரும்பி வராது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விசயம் அண்ணை. உங்கள் சித்தப்பா வந்தது அவருடைய ஆயுசு கெட்டி.

மயக்கமருந்துக்காரன்

வடலி, ரியூப் போடுகிற அளவுக்கு வருத்தம் முற்றியவர்களில் கனபேர் இறக்கிறார்கள். அதைப் பார்த்து ரியூப்பால் இறந்தார்கள் என்று கணக்குப் போட்டால், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள்தான் அதிகம் சாகிறார்கள், அதனால் போகாதே என்றும் சொல்லலாம். சரி, அதை விடுவோம். கொக்குவிலான் கேட்டதற்கு வருகிறேன், கொஞ்சம் நீளும்.

நாங்கள் சாதாரணமாக மூச்சு இழுக்கும்போது நெஞ்சறைக்குள் அமுக்கம் குறைகிறது. அந்த இழுவை காற்றை உள்ளே கொண்டுவருவதோடு, வயிற்றிலும் காலிலும் கிடக்கிற நாளக் குருதியையும் வலது சோணையறை (உடம்பிலிருந்து திரும்புகிற குருதி வந்து சேரும் இதயத்தின் மேலறை) பக்கம் இழுத்துவிடுகிறது. வென்டிலேற்றர் இதைத் தலைகீழாக்குகிறது. அது காற்றைத் தள்ளுவதால் ஒவ்வொரு உட்சுவாசத்திலும் நெஞ்சறைக்குள் அமுக்கம் ஏறுகிறது. பீப் (மூச்சு வெளியே போன பிறகும் சுவாசப்பைக்குள் மெஷின் விட்டுவைக்கிற அமுக்கம்) வைத்தால் வெளிச்சுவாசத்தின் கடைசியிலும் அமுக்கம் முழுதாக இறங்குவதில்லை.

இது ஏன் பெரிய விசயம் என்றால், குருதியை இதயத்துக்குத் திருப்பி அனுப்புகிற அமுக்கம் மிகவும் சிறியது. நாடியில் 120 என்று பார்த்துப் பழகியவர்களுக்கு இது நம்பமுடியாமல் இருக்கும். ஆர்தர் கைற்றன் 1950களில் நாய்களில் செய்த பரிசோதனைகளில், இதயத்தை நிறுத்தி உடல் முழுக்க அமுக்கத்தைச் சமப்படுத்தினால் மிஞ்சுவது ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் இரசம்தான். வலது சோணையறையில் இருப்பது சுழியத்துக்குப் பக்கத்தில். இந்த 7க்கும் அந்தச் சுழியத்துக்கும் இடைப்பட்ட வித்தியாசம்தான் நிமிடத்துக்கு 5 லீற்றர் குருதியை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருகிறது. இடுப்பளவு உயரத்தில் வைத்த தண்ணீர்த் தாங்கியிலிருந்து குழாய் இழுத்தால், குழாயின் மறுமுனையைக் கொஞ்சம் உயர்த்தினாலே ஓட்டம் மெலிந்துவிடும் அல்லவா, அதே கதைதான் இங்கேயும். மறுமுனை என்பது வலது சோணையறை. நெஞ்சறை அமுக்கம் ஏறினால் அதுவும் ஏறும், வரத்து குறையும், வரத்து குறைந்தால் இதயம் வெளியே தள்ளுவதும் குறையும். இதயம் நல்லாகத்தான் இருக்கும், அதற்குள் வருவதுதான் காணாது.

சும்மா இருக்கிற உடம்பு இதைச் சமாளிக்கும். நாளங்கள் இறுகும், துடிப்பு கூடும், அந்த 7 என்பது 9, 10 என்று ஏறிக்கொள்ளும். சித்தப்பாவின் நிலையை யோசியுங்கள்: காய்ச்சலில் நாள்கணக்காகச் சரியாகக் குடிக்காத உடம்பு, நாளச் சுவர்கள் கசிகிற வருத்தம், எலிக்காய்ச்சலில் இதயத் தசையையும் கிருமி தாக்குவது உண்டு. மூச்சுத் திணறலின் பயத்தில் உடம்பு அட்ரினலினைக் கொட்டி நாளங்களை இறுக்கி வைத்திருந்தது. ரியூப் போட நாங்கள் மயக்க மருந்து கொடுத்ததும் அந்த இறுக்கம் தளர்கிறது. புரோபொஃபோல் என்றால் நாளங்களையும் தளர்த்தும், இதயத் தசையையும் கொஞ்சம் அமத்தும். அதே நிமிடத்தில் மெஷின் அமுக்கமும் நெஞ்சுக்குள் வருகிறது. இந்த இரண்டும் ஒன்றாகச் சேர்வதால்தான் பிறஷர் விழுகிறது. இது எங்களுக்குத் தெரிந்த ஆபத்து என்பதால்தான், முடிந்தால் ரியூப் போட முன்னமே பிறஷர் ஏற்றுகிற நோர்அட்ரினலினைத் தயாராக வைத்து, மயக்க மருந்தின் அளவைக் குறைத்து, அல்லது பிறஷரை அவ்வளவு இறக்காத கெற்றமின் என்ற மயக்க மருந்தை எடுத்துச் செய்கிறோம். ஆகவே "மெஷின் அடிச்சது" என்பதில் ஒரு துளி உண்மை உண்டு, ஆனால் மெஷின் இல்லாவிட்டால் அவர் இரத்தம் நிரம்பிய சுவாசப்பையோடு அன்றிரவே களைத்து விழுந்திருப்பார்.

பீடத்துப்பெடியன்

டொக்டர், ஒரு சந்தேகம். பீப் 10 வைத்தால் அந்த 10ம் அப்படியே இதயத்தைச் சுற்றி வந்துவிடுமா? அப்படியென்றால் 7க்கு மேலே போய் குருதி ஓட்டமே நின்றுவிடவேண்டுமே.

மயக்கமருந்துக்காரன்

வராது தம்பி. முதலாவது, பீப்பை எழுதுவது சென்ரிமீற்றர் நீரில், குருதியமுக்கத்தை எழுதுவது மில்லிமீற்றர் இரசத்தில். 1 மில்லிமீற்றர் இரசம் ஏறத்தாழ 1.36 சென்ரிமீற்றர் நீர். ஆகவே பீப் 10 என்பது 7.4 தான். இரண்டாவது, அதில் எவ்வளவு சுவாசப்பைச் சுவரைத் தாண்டி இதயப் பக்கம் போகிறது என்பது சுவாசப்பை எவ்வளவு இளக்கம், நெஞ்சுக்கூடு எவ்வளவு இறுக்கம் என்பதில் இருக்கிறது. சாதாரண சுவாசப்பையில் பாதியளவு போகும். ஏஆர்டிஎஸ் (சுவாசப்பை முழுக்க அழற்சியில் நீர் கோத்து இறுகுகிற கடும் நிலை) வந்து கல்லாகிப்போன சுவாசப்பையில் அதைவிடக் குறைவு.

இதில் எங்கள் ஊருக்குப் பொருந்துகிற ஒரு விசயம் உண்டு. கட்டுவிரியன் கடித்து மூச்சுத் தசை செயலிழந்தவர்களும், பூச்சிமருந்து குடித்து இரண்டு மூன்று நாளில் கழுத்தும் மூச்சுத் தசையும் சோர்ந்துபோகிறவர்களும் வென்டிலேற்றருக்கு வருகிறார்கள். பின்னதை 1987இல் உலகத்துக்கு எழுதியவர்கள் இலங்கை வைத்தியர்களான சேனநாயக்கவும் கரல்லியத்தையும். இவர்களுக்குத் தசைதான் பழுது, பெரும்பாலும் சுவாசப்பை நல்லாகவே இருக்கும், அதனாலேயே மெஷின் அமுக்கம் நெஞ்சுக்குள் தாராளமாகப் போய்ச்சேரும். இவர்களுக்குப் பெரிய பீப் தேவையும் இல்லை. சுவாசப்பை நல்லது, ஆகவே எவ்வளவு வைத்தாலும் தாங்கும் என்று நினைக்கிறது பிழையான கணக்கு.

ஐசியூ_அக்கா

நான் தாதி, ஐசியூவில் கனகாலம். டொக்டர் சொன்னதை நாங்கள் மொனிற்றரிலேயே பார்க்கலாம். ஏ-லைன் (நாடிக்குள் விட்டுப் பிறஷரை அளக்கிற குழாய்) போட்ட நோயாளிக்கு நாடி அலை மெஷின் மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கும். உடம்பில் நீர் காணாதவர்களுக்கு அந்த ஆட்டம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிதாக இருக்கும். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

இன்னொன்று, பீப்பை 8இலிருந்து 12க்கு ஏற்றினால் ஒட்சிசன் அளவு ஏறும், எல்லோரும் அதைப் பார்த்துச் சந்தோசப்பட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். இரண்டு மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் சலம் குறைந்திருக்கும். ஒட்சிசன் 98 இருக்கிறது, சலப்பையில் ஒன்றும் இல்லை என்றால் எனக்கு அது நல்ல 98 இல்லை.

பீடத்துப்பெடியன்

அக்கா, சலம் குறைவது பிறஷர் குறைவதாலா?

ஐசியூ_அக்கா

பிறஷர் அவ்வளவு குறையாதபோதும் பார்த்திருக்கிறேன். காரணத்தை டொக்டரைக் கேளுங்கோ.

மயக்கமருந்துக்காரன்

அக்கா சொல்வது சரி. வலது சோணையறை அமுக்கம் ஏறினால் அது பின்னால் சிறுநீரக நாளம் வரைக்கும் தேங்கும், ஈரலும் வீங்கும். சோணையறை நிரம்பி இழுபடாததால் சலத்தைக் கூட்டுகிற ஓமோன் குறையும், நீரைப் பிடித்துவைக்கிற ஓமோன் கூடும். நாடிப் பக்கத்து எண் நல்லாக இருந்தாலும் சிறுநீரகத்துக்கு இரண்டு பக்கத்தாலும் நெருக்கம்தான்.

அந்த அலை ஆட்டத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். மெஷின் மூச்சு உள்ளே போகும்போது சுவாசப்பையில் கிடந்த குருதி பிழியப்பட்டு இடது பக்கம் வருவதால் பிறஷர் முதலில் சற்று ஏறும். அதே நேரத்தில் வலது பக்கத்துக்கு வரத்து குறைகிறது, அந்தக் குறைவு சுவாசப்பையைக் கடந்து இடது பக்கம் வர சில துடிப்புகள் எடுக்கும், அப்போது இறங்கும். இந்த மாறுபாடு ஏறத்தாழ 13 வீதத்துக்கு மேலே என்றால் சேலைன் கொடுத்தால் இதயம் கூடத் தள்ளும் என்று 2000ஆம் ஆண்டு மிஷார் குழுவினர் காட்டினார்கள். ஆனால் நிபந்தனைகள் கடுமை. நோயாளி தானாக மூச்சு விடக்கூடாது, துடிப்பு ஒழுங்காக இருக்கவேண்டும், ஒரு மூச்சின் கனவளவு கிலோவுக்கு 8 மில்லிலீற்றராவது இருக்கவேண்டும். இன்றைக்கு நாங்கள் 6 தானே கொடுக்கிறோம், ஆகவே பாதி நோயாளிகளில் இதைப் பார்த்து ஏமாறலாம். அதைவிடக் கால்களை 45 பாகை தூக்கிவிட்டு ஒரு நிமிடம் பார்ப்பது நல்லது. காலில் கிடந்த குருதி தற்காலிகமாக இதயத்துக்கு வரும், பயன் இல்லையென்றால் காலை இறக்கிவிட்டால் சரி. ஏற்றிய சேலைனை அப்படித் திரும்ப எடுக்கமுடியாது. டெங்கு, எலிக்காய்ச்சல் மாதிரிக் கசிகிற வருத்தங்களில் இது சின்ன விசயம் இல்லை, ஏற்றுகிற சேலைன் சுவாசப்பைக்குள்ளேயே போய் இருந்துவிடும்.

ரொறன்ரோ_காற்று

இங்கே சுவாசச் சிகிச்சையாளராக வேலை செய்கிறேன், ஊர் உடுவில். எல்லாம் சரியாகத்தான் போகிறது, ஆனால் ஆட்கள் இதை வாசித்துவிட்டு "எந்த மோட் இதயத்துக்கு நல்லது" என்று தேடப்போகிறார்கள், அதனால் இடையில் வருகிறேன். வொலியூம் கொன்ட்ரோல், பிறஷர் கொன்ட்ரோல், சிம்வி, பெயர் எதுவாகவும் இருக்கட்டும், இதயத்துக்குப் பெயர் தெரியாது. அது உணர்வது நெஞ்சறைக்குள் சராசரியாக எவ்வளவு அமுக்கம், எவ்வளவு நேரம் என்பதைத்தான். உட்சுவாச நேரத்தை நீட்டினாலும், பீப்பை ஏற்றினாலும், நிமிடத்துக்கு மூச்சு எண்ணிக்கையைக் கூட்டினாலும் அந்தச் சராசரி ஏறும். நோயாளி தானாக இழுக்கிற மூச்சுக்குத் துணைபோகிற பிறஷர் சப்போர்ட்டில் சராசரி குறைவு, அவர் இழுக்கும்போது நெஞ்சறை அமுக்கமும் கொஞ்சம் இறங்கும், அதனால் குருதி வரத்து நன்றாக இருக்கும்.

இன்னும் ஒன்று. மொனிற்றரில் நீங்கள் வைத்த பீப் 5 என்று இருக்கும், உண்மையில் உள்ளே 15 இருக்கும். ஆஸ்துமா, பீடி குடித்துச் சுவாசப்பை பழுதான ஐயாமார், இவர்களுக்குக் காற்று வெளியே வர நேரம் வேண்டும். மூச்சு முழுதாக வெளியேற முன்னம் அடுத்ததைத் தள்ளினால் உள்ளே காற்று அடைந்துகொண்டே போகும். இதைத்தான் ஆட்டோ பீப் என்பது, 1982இல் பெப்பேயும் மறினியும் எழுதினார்கள். இப்படிப் பிறஷர் விழுந்த ஆஸ்துமா நோயாளிக்கு ரியூப்பை மெஷினிலிருந்து கழற்றிச் சில விநாடி விட்டால், காற்று சீறிக்கொண்டு வெளியே வரும், பிறஷர் தானாக ஏறும். ஏறாவிட்டால் நியூமோதொராக்ஸ் (சுவாசப்பை கிழிந்து அதைச் சுற்றிக் காற்று அடைவது) இருக்கிறதா என்று உடனே பார்க்கவேண்டும்.

மயக்கமருந்துக்காரன்

ஒத்துக்கொள்கிறேன், ஒன்றைத் தவிர. தானாக மூச்சு இழுப்பது எப்போதும் நல்லது என்று எழுதினால் பெடியள் அப்படியே எடுத்துக்கொள்வார்கள். மோசமான ஏஆர்டிஎஸ்ஸில் நோயாளி பலமாக இழுத்தால் சுவாசப்பைக்கு அதிக இழுவை, கசிவும் கூடும், இடது இதயவறைக்கும் சுமை. அதற்குக் கீழே வருகிறேன்.

ரொறன்ரோ_காற்று

பலமாக இழுக்கிறவரைச் சொல்லவில்லை, அமைதியாக இழுக்கிறவரைச் சொன்னேன். ஏபிஆர்வி (உயர் அமுக்கத்தில் வைத்து இடையிடையே இறக்கிவிடுகிற முறை) மாதிரியில் நாங்கள் அதைத்தான் செய்கிறோம்.

மயக்கமருந்துக்காரன்

ஏபிஆர்வியில் பெரும்பகுதி நேரம் உயர் அமுக்கத்தில்தானே வைத்திருக்கிறீர்கள் அண்ணை, இப்போது நீங்களே சொன்ன சராசரி எங்கே போய் நிற்கும்? வலது இதயம் பலவீனமானவருக்கு நான் அதைத் தொடமாட்டேன்.

ரொறன்ரோ_காற்று

வலது இதயம் பலவீனம் என்று எக்கோவில் தெரிந்தால் நானும் தொடமாட்டேன். சரி, அதற்குத் தனி இழை போடுவோம்.

பழைய_விரிவுரையாளர்

உடற்றொழிலியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன். சண்டைக்கு நடுவில் கொஞ்சம் வரலாறு. நீங்கள் பேசுகிற இந்தப் பிரச்சினை வென்டிலேற்றர் பரவலாக வர முன்னமே தெரிந்தது. 1928இல் பொஸ்டனில் டிறிங்கரும் ஷோவும் கொண்டுவந்த இரும்புச் சுவாசப்பையில், நோயாளியின் தலை மட்டும் வெளியே இருக்க, உடம்பைச் சுற்றி அமுக்கத்தைக் குறைத்து மூச்சு இழுக்கவைத்தார்கள். 1948இல் அந்த்ரே கூர்னாந்து குழுவினர் நியூயோர்க்கில், தள்ளுகிற முறையில் மூச்சுக் கொடுத்தால் இதயம் வெளியேற்றும் குருதி குறைகிறதா என்று மனிதரிலேயே அளந்தார்கள். குறைகிறது. ஆனால் அமுக்கம் மெல்ல ஏறி, சட்டென்று வளிமண்டல அளவுக்கு இறங்கி, வெளிச்சுவாசத்துக்குப் போதிய நேரம் இருந்தால் குறைவு சிறியது. ரொறன்ரோத் தம்பி சொன்ன "எவ்வளவு, எவ்வளவு நேரம்" என்பது அங்கேயே இருக்கிறது. இதயத்துக்குள் குழாய் விட்டு அளக்கும் முறைக்காக கூர்னாந்து 1956இல் ஃபோர்ஸ்மான், றிச்சர்ட்ஸ் ஆகியோருடன் நோபல் பரிசு பெற்றார்.

இதற்கிடையில் 1952இல் கோப்பன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, பியோர்ன் இப்சன் தொண்டையில் துளையிட்டு ரியூப் போட்டு, கையால் பையை அமத்தி மூச்சுக் கொடுக்கவைத்தார். ஏறத்தாழ 1,500 மாணவர்கள் மாறி மாறி அமத்தினார்கள். குருதி வரத்து கொஞ்சம் குறைகிறது என்பதற்காக அன்றைக்கு அவர்கள் நிறுத்தியிருந்தால் எத்தனை பிள்ளைகள் போயிருக்கும்.

வடலி

சேர், அந்த மாணவர்கள் கையால் அமத்தினதைக் கேட்க ஒரு மாதிரி இருக்கிறது. நான் சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை, ஆனால் வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

மயக்கமருந்துக்காரன்

சேர் வந்தது சந்தோசம். இப்போது வலது இதயவறை, கொக்குவிலானின் சித்தப்பா மாதிரி ஆட்களுக்கு உண்மையில் பயப்படவேண்டிய இடம் இதுதான்.

வலது இதயவறை, அதாவது சுவாசப்பைக்குக் குருதி தள்ளுகிற கீழறை, மெல்லிய சுவர் உள்ளது, குறைந்த எதிர்ப்புக்குத் தள்ளிப் பழகியது. சுவாசப்பைக் குருதிக்குழாய்களின் எதிர்ப்பு, சுவாசப்பை சாதாரண வெளிச்சுவாச முடிவில் இருக்கும் அளவில்தான் மிகக் குறைவு. அதைவிடச் சுருங்கினால் பெரிய குழாய்கள் மடங்கும், ஒட்சிசன் இல்லாத இடங்களில் குழாய்கள் தாமாக இறுகும், எதிர்ப்பு ஏறும். அதைவிட ஊதினால் காற்றுப்பைகளைச் சுற்றியுள்ள மயிர்த்துளைக்குழாய்கள் நசுங்கும், அப்போதும் ஏறும். ஆகவே சுருங்கிய சுவாசப்பையைத் திறக்கிற அளவு பீப் வலது இதயத்துக்கு உதவி, அதற்கு மேலே வைப்பது சுமை. ஒரே நோயாளிக்கு 8 உதவியும் 16 தீங்குமாக இருக்கலாம். சுமை தாங்காமல் வலது இதயவறை வீங்கினால் நடுச்சுவர் இடது பக்கம் தள்ளுப்பட்டு, இடது இதயவறை நிரம்ப இடமில்லாமல் போகும். பிறஷர் விழும். அப்போது சேலைன் ஏற்றினால் இன்னும் வீங்கும். மத்திம, கடும் ஏஆர்டிஎஸ்ஸில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இந்த வலது இதயத் தோல்வி வருகிறது.

கூட ஊதினால் கூட நல்லது என்று நம்பியவர்களுக்கு ஆய்வுகள் நல்ல அடி கொடுத்தன. 2013இல் வந்த ஒசிலேற் ஆய்வில், சராசரி அமுக்கத்தை உயர்த்தி வைத்து வேகமாக அதிரவைக்கும் முறையில் 47 வீதம் இறந்தார்கள், வழமையான முறையில் 35. அந்த முறையில் இருந்தவர்களுக்கு பிறஷர் மருந்தும் கூடத் தேவைப்பட்டது. ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள். 2017இல் வந்த ஆர்ட் ஆய்வில் சுவாசப்பையைப் பலமாகத் திறந்து உயர் பீப் வைத்தவர்களில் 28 நாளில் 55.3 வீதம் இறப்பு, மற்றப் பக்கத்தில் 49.3. திறக்கும் முயற்சியின்போது சிலருக்கு இதயம் நின்று, நடைமுறையையே இடையில் மாற்றவேண்டி வந்தது. இரண்டிலும் ஒட்சிசன் எண் வடிவாகத்தான் இருந்திருக்கும், அக்கா சொன்ன 98 மாதிரி.

இதற்கு மாறாக, குப்புறப் படுக்கவைப்பது பீப்பை ஏற்றாமலே சுவாசப்பையைத் திறந்து, காபனீரொட்சைட்டைக் குறைத்து, வலது இதயத்தின் சுமையையும் இறக்குகிறது. பெரும்பாலும் பிரான்ஸில் நடத்தி 2013இல் வெளிவந்த ப்றோசேவா ஆய்வில் இறப்பு 32.8இலிருந்து 16 வீதமானது. மெஷினில் ஒரு பொத்தானும் அமத்தாமல் ஆளைத் திருப்பிப் போட்டுப் பெற்ற பலன். நாலைந்து பேர் சேர்ந்து செய்யவேண்டிய வேலை என்பதால் இரவு கடமையில் ஆள் காணாவிட்டால் தள்ளிப்போடுகிறோம், அது எனக்குப் பிடிக்காத உண்மை.

திருத்துனர்

நான் வைத்தியன் இல்லை, இந்த மெஷின்களைத் திருத்துகிற ஆள். கேட்டுக்கொண்டிருந்ததில் ஒன்றைச் சேர்க்கிறேன். மெஷின் காட்டுகிற அமுக்கம் ரியூப்பின் வாயில் உள்ளது. ரியூப் மடிந்தாலோ சளி அடைத்தாலோ உச்ச அமுக்கம் 40 காட்டும், ஆனால் அந்த 40 சுவாசப்பைக்குப் போகவில்லை. மூச்சின் முடிவில் ஓட்டத்தை நிறுத்திப் பிடித்துப் பார்க்கும் பிளாட்டோ அமுக்கம்தான் உள்ளே என்ன என்று சொல்லும். சில இடங்களில் அந்தப் பொத்தானைத் தொட்டதற்கான அடையாளமே இராது, புதிது போலப் பளபளக்கும்.

ஐசியூ_அக்கா

எங்கள் இடத்தில் தேய்ந்துதான் இருக்கும் தம்பி 😀 ஆனால் உயரம் அளக்கிற விசயத்தில் எல்லா இடமும் ஒன்றுதான். மூச்சின் கனவளவைக் கணக்கிடுவது உயரத்தை வைத்து, ஆளின் நிறையை வைத்து இல்லை. 160 சென்ரிமீற்றர் ஆண் என்றால் கணக்கு நிறை ஏறத்தாழ 57 கிலோ, 6ஆல் பெருக்கினால் 340 மில்லிலீற்றர். ஆள் 85 கிலோ இருந்தாலும் அதே 340 தான். நாடா எடுத்து அளக்காமல் கண்ணால் பார்த்து 500 வைத்தால் எல்லாம் பிழைக்கும்.

கொக்குவிலான்

இவ்வளவு விளக்கம் வரும் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. சித்தப்பாவின் பக்கம் விளங்குகிறது. அம்மம்மாவின் பக்கம் இன்னும் விளங்கவில்லை. வரத்துக் குறைந்தால் பிறஷர் விழும் என்றால், பலவீனமான இதயத்துக்கு மாஸ்க் எப்படி நல்லது செய்தது?

மயக்கமருந்துக்காரன்

அவருக்கு வரத்துக் குறைவதே மருந்து. இடது இதயவறையால் தள்ள முடியாமல் குருதி பின்னால் தேங்கி, சுவாசப்பைக்குள் நீர் கசிந்தது. திரும்பி வருவது குறைந்தால் தேக்கம் குறையும். ஏற்கெனவே நிரம்பி வழிகிற இதயம் என்பதால் கொஞ்சம் குறைந்தாலும் வெளியேற்றம் விழாது.

இதைவிடச் சுவையான பாதி இன்னொன்று. இதயம் நெஞ்சறைக்குள் இருக்கிறது, அது குருதி அனுப்பவேண்டிய நாடிகளில் பெரும்பகுதி வெளியே. அம்மம்மா மூச்சுக்குத் தவித்து இழுக்கும்போது நெஞ்சறைக்குள் அமுக்கம் கழித்தல் 30 சென்ரிமீற்றர் நீர் வரைக்கும் போகலாம், இரசக் கணக்கில் கழித்தல் 22. நாடியில் 120 வரவேண்டுமென்றால் இதயவறைச் சுவர் 142க்கு வேலை செய்யவேண்டும். மாஸ்க் போட்டு நெஞ்சறை அமுக்கத்தைக் கூட்டல் 4 ஆக்கினால் அதே 120க்கு 116 போதும். தவித்துத் தவித்து மூச்சு இழுப்பதே அந்த இதயத்தைக் களைக்கவைத்தது. ரொறன்ரோ அண்ணைக்கு நான் மேலே சொன்ன சுமையும் இதுதான். சுவாசப்பைக் காற்றுப்பைகளும் திறந்துகொள்ளும், மூச்சுத் தசைகளுக்குப் போய்க்கொண்டிருந்த குருதியும் மிச்சமாகும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் சரியில்லை. பிரித்தானியாவில் 1,069 பேரில் செய்து 2008இல் வெளிவந்த ஆய்வில், மாஸ்க் போட்டவர்களுக்கு மூச்சுத்திணறல் விரைவாகத் தணிந்தது, ஆனால் ஏழு நாள் இறப்பு ஒட்சிசன் மட்டும் கொடுத்தவர்களோடு ஏறத்தாழ ஒன்றுதான், 9.5க்கு 9.8. ஆகவே ஆளைச் சுகப்படுத்துகிறது, அது பெரிய விசயம், உயிரைக் காப்பாற்றியது மாஸ்க் மட்டும்தான் என்று எழுதிவைக்க வேண்டாம். நைத்திரேற்று மருந்தும், சலம் போகவைக்கிற மருந்தும் கூடவே வேலை செய்தன.

கொக்குவிலான்

இன்னொன்று, அடுத்தநாள் மாஸ்க்கைக் கழற்றிய கொஞ்ச நேரத்தில் திரும்பவும் மூச்சு ஏறியது, திரும்பப் போட்டார்கள். மாஸ்க்குக்குப் பழகிவிட்டார் என்று பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார்.

ரொறன்ரோ_காற்று

பழக்கம் இல்லை. மாஸ்க் செய்த எல்லாம் கழற்றியவுடன் தலைகீழாகும்: வரத்துக் கூடும், இடது இதயவறையின் சுமை கூடும், மூச்சு வேலையும் கூடும், மூன்றும் ஒரே நேரத்தில். 1988இல் லெமேர் குழுவினர் வென்டிலேற்றரிலிருந்து எடுக்கமுடியாமல் இருந்தவர்களில் இதை அளந்து காட்டினார்கள், சுவாசப்பை சரியாகிவிட்டது என்று நினைத்துக் கழற்றினால் இதயம் தோற்றது. நீரை இறக்கிய பிறகு அவர்களில் பலரைக் கழற்றமுடிந்தது. மெஷினிலிருந்து எடுக்க முயற்சிசெய்து திரும்பத் திரும்பத் தோற்கிற நோயாளிக்கு இதயத்தைப் பார்த்தார்களா என்று நான் கேட்கிற முதல் கேள்வி இதனால்தான்.

ஐசியூ_அக்கா

கையால் அம்பு பாக் (மூச்சுக் கொடுக்கிற இறப்பர் பை) அமத்துவதையும் சொல்லிவிடுகிறேன், வார்ட்டில் வேலை செய்கிற பிள்ளைகள் இதை வாசிப்பார்கள். இதயம் நின்றவருக்கு நெஞ்சை அமத்திக்கொண்டிருக்கும்போது, பதற்றத்தில் பையை வேகவேகமாக அமத்துவோம். 2004இல் அமெரிக்காவில் அவுடர்ஹைட் குழுவினர் பார்த்ததில் நிமிடத்துக்குச் சராசரி 30 தடவை அமத்தினார்கள். அவ்வளவு வேகத்தில் நெஞ்சு எப்போதும் காற்றால் நிறைந்தே இருக்கும், குருதி திரும்பி வரவே இடம் இராது, நெஞ்சை அமத்துவதும் வீண். ரியூப் போட்டிருந்தால் நிமிடத்துக்கு 10, ஆறு விநாடிக்கு ஒன்று. நான் வாயால் எண்ணிக்கொண்டே அமத்துவேன், வெட்கப்படுவதில்லை.

பீடத்துப்பெடியன்

கடைசியாக ஒன்று டொக்டர். பிறவியிலேயே ஒரு இதயவறை மட்டும் சரியாக உள்ள பிள்ளைகளுக்கு ஃபொன்ரன் சத்திரசிகிச்சை செய்கிறார்களே, அவர்களுக்கு வென்டிலேற்றர் போட்டால் என்ன நடக்கும்?

மயக்கமருந்துக்காரன்

நல்லாகப் பிடித்தாய். அவர்களுக்கு வலது பக்கத்தில் தள்ளுகிற பம்பே இல்லை. பெருநாளத்துக் குருதி நேரடியாகச் சுவாசப்பை நாடிக்குள் தானாக வழிந்து போகவேண்டும், அந்த வழிவுக்கு நெஞ்சறை இழுவை பெரிய துணை. அதனால் நெஞ்சறை அமுக்கம் ஏறினால் குருதியோட்டம் உடனே விழும், ஈடுசெய்ய ஒன்றும் இல்லை. சத்திரசிகிச்சை முடிந்ததும் எவ்வளவு சீக்கிரம் ரியூப்பை எடுத்துத் தானாக மூச்சுவிடவைக்கலாமோ அவ்வளவு சீக்கிரம் எடுப்பார்கள், முடிந்தால் சத்திரசிகிச்சை மேசையிலேயே. அதுவரைக்கும் பீப் குறைவாக, உட்சுவாச நேரம் சுருக்கமாக, மூச்சு எண்ணிக்கை மெதுவாக. ஆனால் பீப்பைச் சுழியமாக்கிவிடாதே, சுவாசப்பை சுருங்கினால் எதிர்ப்பு மறுபடி ஏறும், மேலே வலது இதயவறைக்குச் சொன்னதுதான்.

பீடத்துப்பெடியன்

விளங்கிவிட்டது டொக்டர். நாளைக்கு வார்ட் வகுப்பில் கேட்டால் சொல்லலாம்.